யாருக்கு யார்

1

லேடி மாக்பெத்துக்கு எத்தனை குழந்தைகள் என்று கேட்கும் தலைப்புடன் எல். சி. நைட்ஸ் 1933ல் ஒரு கட்டுரை எழுதினார். கேள்வி கேலிக்காகக் கேட்கப்பட்டது. பாத்திரங்களை நாடகத்துக்கு வெளியிலும் நடமாடும் மனிதர்களாகப் பாவித்து, அவர்களுடைய குடும்ப விவகாரங்களை விசாரித்துக்கொண்டிருந்த விமர்சனத்தின் மீது, குறிப்பாக ஏ. சி. பிராட்லியின் வழிவந்தவர்கள் மீது, விழுந்த அடி அது. நாடகம் சொற்களால் ஆனது, பாத்திரம் அதிலிருந்து நாம் பிரித்தெடுத்துக்கொள்ளும் ஒரு அருவம் மட்டுமே என்பது நைட்ஸின் கட்சி. பி.ஏ. வகுப்பில் இதைப் படித்தபோது எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. ஏனெனில் பிள்ளைச்சாவடியில் நான் வளர்ந்த வீட்டில் கதை என்று பேசப்பட்டதெல்லாம் ஒரே கேள்விதான்: அருள்மொழிவர்மன் யாரைக் கட்டியிருக்க வேண்டும், வானதியையா, பூங்குழலியையா?

கல்கியைத் துறப்பது சிறுபத்திரிகை வாசகனாவதன் முதல் சடங்கு. நானும் துறந்தேன். புதுமைப்பித்தனும் க.நா.சு.வும் தீர்ப்புச் சொல்லி முடித்த வழக்கு அது. அத்தீர்ப்பை மாற்றக் கோரி இதை எழுதவில்லை. 'பொன்னியின் செல்வன்' இன்றும் எனக்கு ஒரு வாரம் முடிச்சுப் போட்டு மறுவாரம் அவிழ்க்கும் சாமர்த்தியமாகவே தெரிகிறது. என் கேள்வி வேறு. கதையை நாம் மதிப்பிட்டோம். அதைப் படித்தவர்களும் கேட்டவர்களும் அதை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்று பார்த்தோமா?

2

இந்த ஜோடி விவகாரம் நம் திண்ணைகளில் பிறந்ததல்ல. கதை தவணையில் வரத் தொடங்கிய இடங்களிலெல்லாம் இது இருந்திருக்கிறது. ரிச்சர்ட்ஸனின் 'கிளாரிஸா' 1747-48ல் பகுதி பகுதியாக வெளிவந்தபோது, நாயகியைச் சாகவிடாதே, லவ்லேஸைத் திருத்தி அவளுக்கே மணம் முடித்து வை என்று லேடி பிராட்ஷே என்ற வாசகி அவருக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். ரிச்சர்ட்ஸன் இணங்கவில்லை. 'லிட்டில் விமன்' நாவலின் முதல் பாகம் 1868ல் வந்ததும், ஜோவை லாரிக்குக் கொடு என்று சிறுமிகள் லூயிசா மே அல்காட்டைக் கேட்டார்கள். யாரைத் திருப்திப்படுத்தவும் அதைச் செய்ய மாட்டேன் என்று தீர்மானித்து, 1869ல் இரண்டாம் பாகத்தில் ஜோவை நடுவயது ஜெர்மன் பேராசிரியர் ஒருவருக்குக் கட்டிவைத்தார். அல்காட் மணமே செய்துகொள்ளாதவர். சிறுமிகளின் கேள்வியில் அவரை உறுத்தியது லாரி அல்ல, கல்யாணம்தான் என்று தோன்றுகிறது.

தொலைக்காட்சி வந்தபின் தவணை இன்னும் நீண்டது. 1964 முதல் 1967 வரை அமெரிக்காவில் ஓடிய 'கில்லிகன்ஸ் ஐலண்ட்' என்ற நகைச்சுவைத் தொடரின் இரண்டு இளம்பெண்களில் யார் மேல் என்ற தர்க்கம் தொடர் நின்று பல பத்தாண்டுகள் கழித்தும் நடந்தது. 'பிரெண்ட்ஸ்' 1994லிருந்து 2004 வரை பத்து வருஷம், ராஸும் ரேச்சலும் சேர்வார்களா என்ற ஒரு இழையைப் பிடித்துக்கொண்டே நகர்ந்தது. அவள் ஜோயிக்குத்தான் பொருத்தம் என்று ஒரு எதிர்க்கட்சியும் கிளம்பிற்று. 1990களில் அங்கு ரசிகர்கள் இதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். 'ரிலேஷன்ஷிப்' என்ற சொல்லின் தலையை வெட்டி வாலை மட்டும் வைத்துக்கொண்டு 'ஷிப்பிங்' என்றார்கள்.

இந்தியாவில் இதன் பெரிய நிகழ்ச்சி 'ஹம் லோக்'. தூர்தர்ஷனில் 1984 ஜூலை 7ல் தொடங்கி 1985 டிசம்பர் 17 வரை 156 பகுதிகள். சுமார் நான்கு லட்சம் கடிதங்கள் வந்ததாகக் கணக்கு. மூத்த பெண் பட்கி, டாக்டர் அஸ்வினியை மணப்பாளா என்பது வட இந்தியக் குடும்பங்களின் சொந்தக் கவலையாயிற்று. அந்தக் கல்யாணம் ஒளிபரப்பான நாளில் கடைத்தெருக்கள் முன்கூட்டியே மூடப்பட்டதையும் வாழ்த்துத் தந்திகள் வந்ததையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்று. அத்தொடரை எழுதிய மனோகர் ஷியாம் ஜோஷி வெறும் தொடர் எழுத்தாளரல்ல. 1980ல் 'குரு குரு ஸ்வாஹா' எழுதிய இந்தி நவீனத்துவ நாவலாசிரியர். அவர் ஜனங்களின் கடிதங்களுக்கு முகம் கொடுத்தார். நம் பக்கத்தில் அப்படியொரு சந்திப்பு நிகழவில்லை.

3

'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர் 29லிருந்து 1954 மே 16 வரை 'கல்கி'யில் மணியத்தின் சித்திரங்களோடு வந்தது. மூன்றரை வருஷம். ஒரு பெண் பெரியவளாகி, வாழ்க்கைப்பட்டு, மடியில் குழந்தையோடு உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தைக் கேட்கப் போதுமான காலம்.

கல்கி போட்ட காதல் முடிச்சுகள் பல. வந்தியத்தேவனுக்குக் குந்தவை. ஆனால் அவனுக்காக ஏங்கி மணிமேகலை. அருள்மொழிக்கு, அவன் முகம் கண்டாலே மயங்கி விழும் கொடும்பாளூர் இளவரசி வானதி. ஆனால் நடுக்கடலிலிருந்து அவனைக் காப்பாற்றிக் கொண்டுவந்தவளோ கோடிக்கரை ஓடக்காரி பூங்குழலி. பூங்குழலியைச் சுற்றித் தஞ்சையில் பூத்தொண்டு செய்யும் சேந்தன் அமுதன். கதை மணிமேகலையின் சாவோடு முடிகிறது. குந்தவையின் கல்யாணம் காட்டப்படவே இல்லை. திடீரென்று முடித்துவிட்டீர்களே என்று வாசகர்கள் குறைப்பட்டார்கள். கல்கி ஒரு முடிவுரை எழுதி, யார் யார் என்ன ஆனார்கள் என்று கணக்குத் தீர்க்க வேண்டியிருந்தது. அந்த முடிவுரையை நாம் பலவீனமாகப் படித்திருக்கிறோம். ஒரு நாவலாசிரியன் வாசகர் மன்றத்தில் ஏறிச் சாட்சி சொன்ன ஆவணமாக அதைப் படிக்கலாம்.

குந்தவை விஷயத்தில் அவருக்குச் சிரமமில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே அவளை ராஜராஜனின் தமக்கை என்றும் வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்றும் சொல்லிவிடுகிறது. மணிமேகலை கட்சியார் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே தோற்றுப்போனவர்கள். கல்லின் மீது மேல்முறையீடு கிடையாது.

வானதி-பூங்குழலி வழக்கு அப்படிப்பட்டதல்ல. இங்கு கல் எதிர்ப்பக்கம் பேசுகிறது. ராஜராஜனுக்கு ஒரு தேவி இல்லை. உலகமகாதேவி, பஞ்சவன்மாதேவி, ராஜேந்திரனைப் பெற்ற வானவன்மாதேவி என்று கல்வெட்டுகளில் பல பெயர்கள். பத்தாம் நூற்றாண்டு அரசனுக்கு 'இவளா அவளா' என்ற இக்கட்டே கிடையாது. இவளும் அவளும்தான். அந்த இக்கட்டு முழுக்க இருபதாம் நூற்றாண்டின் சிருஷ்டி. சென்னை மாகாணத்தில் இந்து ஆண் ஒரு மனைவி இருக்க இன்னொருத்தியை மணப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது 1949ல். கதை தொடங்கியது மறுவருஷம். கல்கி சட்டப் புத்தகத்தைப் பார்த்துக் கதை எழுதினார் என்று நான் சொல்லவில்லை. இரண்டும் ஒரே காற்றைச் சுவாசித்தன. இரண்டு பேரையும் கட்டிக்கொள்ளட்டுமே என்று ஒரு வாசகி சொல்லக்கூடாத காலம் வந்துவிட்டது. ஆகவே அவள் கட்சி சேர்ந்தாக வேண்டும். கட்சி சேர்ந்தால் காரணம் சொல்லியாக வேண்டும்.

4

எங்கள் ஊரில் அந்தக் காலம் வரவில்லை. பிள்ளைச்சாவடி அப்போது பிரெஞ்சு ஆட்சிக்குள். சற்று நடந்தால் சென்னை ராஜ்யம். இந்தியர்களை அவரவர் வழக்கப்படியே நடத்துவதாக 1819லேயே பிரெஞ்சு நிர்வாகம் ஏற்றுக்கொண்டிருந்தது. 1881 ஆணையின்படி தம் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் போன 'ரெனோன்சான்'கள் தவிர, மற்ற இந்துக்களின் கல்யாணம் பழைய வழக்கப்படிதான். 1954 நவம்பர் 1ல் ஆட்சி கைமாறிய பின்னும் இது உடனே மாறவில்லை. 1955ன் இந்து திருமணச் சட்டம் இங்கு நீட்டிக்கப்பட்டது 1963ல்தான். எல்லைக்கு அப்பால் குற்றமாகிவிட்ட ஒன்று இப்பால் பதினான்கு வருஷம் முறையாகவே இருந்தது.

என் ஆயா 1952ல் இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டவள். மூத்தவள் உயிரோடு, அதே வீட்டில். ஆயாவுக்கு எழுத்துத் தெரியாது. பக்கத்து வீட்டில் பள்ளிக்கூடம் போன ஒரு பெண் 'கல்கி'யை உரக்கப் படிப்பாள். பத்துப் பன்னிரண்டு பேர் கருவாடு பிரித்துக்கொண்டே கேட்பார்கள். கரையூரில் பூங்குழலிக்குப் பெரும்பான்மை இருந்ததில் ஆச்சரியமில்லை. ஓடம் தள்ளத் தெரிந்த நாயகி அவர்களுக்கு அதுவரை வாய்த்ததில்லை. ஆனால் மூத்தவள் வானதி கட்சி. முதலில் மனசில் வைத்தவளுக்குத்தான் உரிமை, நடுவில் வந்தவள் எத்தனை உதவி செய்தாலும் அது கூலி கேட்கிற உதவி என்பது அவள் வாதம். ஆயாவின் வாதம், செத்துப்போக இருந்தவனைக் கரை சேர்த்தவளுக்கு மேல் யார் உரிமைக்காரி என்பது. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்த இரண்டு பெண்கள் கதை முடியும்வரை சோழ இளவரசனைப் பற்றிச் சண்டை போட்டார்கள். தாத்தாவைப் பற்றி ஒரு நாளும் சண்டை போட்டதில்லை என்பதை ஆயா ஒரு பெருமையாகச் சொல்வாள். அந்தப் பெருமையின் பொருள் எனக்கு முப்பது வயதுக்குமேல்தான் விளங்கியது.

நைட்ஸின் கேலி இங்கே செல்லாது. லேடி மாக்பெத்தின் குழந்தைகளை எண்ணுகிறவர் பிரதியில் இல்லாததைத் தேடுகிறார். இந்தப் பெண்கள் பிரதியில் இருந்ததைத்தான் தேடினார்கள். எந்த வாக்கு எந்த வாக்குக்கு முன்னால் சொல்லப்பட்டது, எந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம், சோழ சிம்மாசனத்தில் அமரவே மாட்டேன் என்று வானதி சபதம் செய்தது பூங்குழலி குத்திக்காட்டியதாலா, தானாகவேயா என்று போன வருஷத்து அத்தியாயத்தை நினைவிலிருந்து எடுத்து வைத்து வழக்காடினார்கள். இதை நம் பத்திரிகைகளில் ஒருவர் செய்தால் நுட்பமான வாசிப்பு என்கிறோம்.

பட்டிமன்றம் இருந்ததே என்று சொல்லக்கூடும். காரைக்குடிக் கம்பன் கழகம் 1939ல் தொடங்கியதிலிருந்து கண்ணகியா மாதவியா போன்ற வழக்குகள் மேடையேறிப் புகழ் பெற்றன. அந்த மேடைகளில் பெரும்பாலும் ஆண்கள் பேசினார்கள். நடுவர் தீர்ப்புச் சொல்வதோடு விஷயம் முடிந்துவிடும். திண்ணைக்கு நடுவர் கிடையாது. 'எழுத்து' 1959ல் தொடங்கியபோது விமர்சனம் என்ற தனித் துறையே தமிழுக்குப் புதிதாக வருவதாக நம்பினோம். பக்கத்துத் திண்ணையில் அதன் ஒரு வடிவம் நடந்துகொண்டிருந்தது நம் காதில் விழவில்லை. இது கலைக்குறைவான கதையின் மீது நடந்தது என்பது நிஜம். ஆனால் விமர்சனத்தின் தரத்தை அதன் பொருள் மட்டுமே தீர்மானிப்பதாயிருந்தால் நம்மில் பலர் தேற மாட்டோம்.

5

மணிரத்னத்தின் படம் 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் இரண்டு பாகங்களாக வந்தது. வங்கியில் மதிய உணவு நேரத்தில் கவுண்டர் ஊழியர்கள் இரண்டு கட்சியானார்கள். நந்தினிக்கும் கரிகாலனுக்கும்தான் கதையில் உண்மையான காதல் என்று புதிதாக ஒரு மூன்றாம் கட்சியும் எழுந்தது. வழக்கம்போல நான் செய்தித்தாளை விரித்துக்கொண்டேன்.

அந்த வருஷம் ஆயாவுக்குத் தொண்ணூறு நெருங்கிக்கொண்டிருந்தது. கதை கேட்ட திண்ணையும் வீடும் எப்போதோ கடலுக்குப் போய்விட்டன. எங்கள் கரையைக் கடல் தின்றுகொண்டிருப்பது ஊரறிந்தது. மூத்தவள் போய் இருபது வருஷம். இரண்டாம் பாகத்தை வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினோம். முடிந்ததும், "ஓடக்காரப் பொண்ணு கல்யாணம் எங்கடா?" என்றாள். சேந்தன் அமுதனை அவள் மணப்பது படத்தில் இல்லை என்றேன். அமுதன் கடைசியில் அரச வாரிசாகித் தன் கட்சிக்காரியை ராணியாக்கியது ஆயாவுக்குப் பிடித்திருந்தது போலும் என்று நினைத்து, "ராணியானதைக் காட்டலியேன்னு வருத்தமா?" என்று கேட்டேன்.

"ராணியாவுறது யாருக்கு வேணும்? அவன் பூக்காரன்னு நெனச்சுத்தானே இவ கட்டிக்கிறேன்னா. இவளா சொன்னா. யாரும் கேட்டுக்கிட்டு வரல, இவளா சொன்னா. அதத்தான் அன்னிக்கு அக்காவும் நானும் மறுக்கா படிக்கச் சொல்லிக் கேட்டோம்."

எந்தக் கட்சி ஜெயித்தது என்று நான் கேட்கவில்லை. வானதி கட்சியும் பூங்குழலி கட்சியும் சேர்ந்து இரண்டாம் முறை படிக்கச் சொன்ன பக்கம் ஒன்று இருந்திருக்கிறது. ஒரு பெண் தன் வாயால் தனக்கு யார் என்று சொன்ன பக்கம். நான் அந்த நாவலை இரண்டு முறை படித்திருக்கிறேன், இரண்டு முறையும் அந்த இடத்தை வேகமாகக் கடந்திருக்கிறேன்.