பாக்டீரியா அல்லாத பாக்டீரியா

நுண்ணோக்கியில் பார்த்தால் சில பாக்டீரியாக்கள் உருண்டை, சில குச்சி, சில சுருள். அவ்வளவுதான்! எலும்பும் இல்லை, இறகும் இல்லை. இதில் யாருக்கு யார் அண்ணன், யார் ஒன்றுவிட்ட சித்தப்பா என்று எப்படிச் சொல்வது? முடியாது என்று 1960களில் பெரிய பெரிய ஆட்களே கைவிட்டிருந்தார்கள்.

அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த கார்ல் வூஸ் விடவில்லை. எல்லா உயிரணுக்களிலும் புரதம் தயாரிக்க ரைபோசோம் உண்டு. அதன் பாகமான ஓர் ஆர்.என்.ஏ. (பாக்டீரியாவில் 16எஸ் என்பார்கள்) சுமார் 1,500 எழுத்து நீளம். மிக மெதுவாகத்தான் மாறும். ஒரு பேரேட்டைப் பலர் கைமாற்றி நகலெடுத்தால், பிழைகளை வைத்தே எது எதைப் பார்த்து எழுதியது என்று சொல்லிவிடலாம் அல்லவா? அதே கணக்குதான்.

ஆனால் அன்று வேலை லேசில்லை. கதிரியக்கப் பாஸ்பரஸ் ஊட்டி நுண்ணுயிரை வளர்த்து, ஆர்.என்.ஏ.வைத் துண்டுகளாக வெட்டி, எக்ஸ்ரே பிலிமில் விழும் புள்ளிகளைப் படிக்க வேண்டும். வூஸ் ஆண்டுக்கணக்கில் விளக்குப் பெட்டி முன்னால் பிலிமும் கையுமாக இருந்தார்.

1976-ல் சக பேராசிரியர் ரால்ஃப் உல்ஃபின் ஆய்வகத்திலிருந்து மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் வந்தன. பார்வைக்குச் சாதாரண பாக்டீரியா. பிலிமிலோ, பாக்டீரியாவில் தவறாமல் இருக்க வேண்டிய துண்டுகளைக் காணோம்! இது தனி இனம் என்று வூஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் 1977 நவம்பரில் அறிவித்தார்கள். நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தில் செய்தி வந்தது.

பாராட்டு வந்ததா? நோபல் பரிசு பெற்ற சால்வடோர் லூரியா உல்ஃபைத் தொலைபேசியில் அழைத்து, இந்த அபத்தத்திலிருந்து விலகாவிட்டால் உன் பெயரே கெட்டுவிடும் என்று எச்சரித்தார். வூஸின் மனக்காயம் பல வருடம் ஆறவில்லை. 1990-ல் உயிர்களை பாக்டீரியா, ஆர்க்கியா, உட்கருவுள்ளவை என மூன்றாகப் பிரித்தார். அது பாடப்புத்தகங்களில் ஏறியது. 2012-ல் காலமானார்.

வேடிக்கை என்னவென்றால், அவர் காட்டிய வழியே அவருடைய மரத்தையும் அசைத்தது. 2015-ல், நார்வேக்கும் கிரீன்லாந்துக்கும் இடைப்பட்ட கடலடிச் சேற்றில் கிடைத்த மரபணுக்களை வைத்து 'லோக்கி' என்ற ஆர்க்கியா கூட்டத்தைக் கண்டுபிடித்தார்கள். மனிதன் உட்பட உட்கருவுள்ள உயிர்கள் ஆர்க்கியாவின் கிளையிலிருந்தே வந்தன என்று பலர் இப்போது கருதுகிறார்கள். அப்படியானால் மூன்று இரண்டாகிவிடும். அந்த லோக்கியை அப்போது யாரும் கண்ணால் கண்டதில்லை. அதன் உறவினர் ஒன்றை ஜப்பானியர்கள் பத்தாண்டுக்கும் மேல் பாடுபட்டு ஆய்வகத்தில் வளர்த்து, 2020-ல் படத்தோடு வெளியிட்டார்கள்.