நேட்டால் துறைமுகத்தின் இரண்டு திட்டுகள்

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள டர்பன், இன்று ஆப்பிரிக்கக் கண்டத்தின் பெருந்துறைமுகங்களுள் ஒன்று. அதன் விரிகுடாவில் சரக்குப்பெட்டகங்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்விரிகுடாவின் வாயை ஒரு மணல்திட்டு அடைத்துக்கொண்டிருந்தது.

உள்ளே அலையாத்திக் காடுகள் சூழ்ந்த அமைதியான நீர்ப்பரப்பு. வாயிலிலோ கடலோட்டம் ஓயாமல் கொண்டுவந்து குவிக்கும் மணல். பெரிய கப்பல்கள் வெளியிலேயே நங்கூரமிட்டன. பயணிகளைக் கூடையில் அமர்த்திப் படகுகளுக்கு இறக்கினர். இந்த வாயிலுக்குத்தான் 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல் 342 பேருடன் வந்து சேர்ந்தது. கரும்புத் தோட்டங்களுக்கான முதல் ஒப்பந்தக் கூலிகள் அவர்கள். 1911 வரை அவ்வாறு வந்தோரின் தொகை 1,52,000-ஐத் தாண்டியது. அவர்களில் பெரும்பான்மையோர் சென்னை வழியாக வந்த தமிழரும் தெலுங்கருமே.

மணல்திட்டை அகற்றுவதையே தம் அரசியல் வாழ்வின் பெரும்பணியாகக் கொண்டவர் ஹாரி எஸ்கோம்ப். 1881 இல் அமைந்த துறைமுக வாரியத்தின் தலைவர். துறைமுகம் திறந்தால்தான் நேட்டால் செழிக்கும் என்று வாதிட்டவர். இதே மனிதரை நாம் இன்னோர் இடத்திலும் சந்திக்கிறோம்.

1896 டிசம்பர் 18 அன்று கோர்லண்ட், நாதேரி என்ற இரு கப்பல்கள் ஏறக்குறைய 800 இந்தியப் பயணிகளுடன் டர்பனை அடைந்தன. கோர்லண்டில் காந்தியும் அவர் குடும்பத்தினரும் இருந்தனர். பம்பாயில் பரவிய பிளேக்கைக் காரணம் காட்டிக் கப்பல்கள் வெளியே நிறுத்தப்பட்டன. 1897 ஜனவரி 13 வரை எவரும் கரையிறங்க இயலவில்லை. அன்று துறைமுகத்தில் திரண்ட வெள்ளையர் கூட்டத்திடம் பேசிக் கலைந்துபோகச் செய்தவர், அப்போது அட்டர்னி ஜெனரலாக இருந்த எஸ்கோம்ப். மாலையில் கரையிறங்கிய காந்தி தெருவில் தாக்கப்பட்டார்.

அடுத்த மாதமே எஸ்கோம்ப் பிரதமரானார். கூட்டம் கல்லெறிந்து கேட்டதை அவரது அரசு சட்டமாக்கித் தந்தது. 1897 ஆம் ஆண்டின் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உள்ளே வர விரும்புவோர் ஓர் ஐரோப்பிய மொழியில் விண்ணப்பம் எழுதிக்காட்ட வேண்டும். சட்டத்தில் இந்தியர் என்ற சொல்லே இல்லை. ஆனால் யாரைத் தடுப்பதற்கென்று எல்லோருக்கும் தெரியும். 1901 இல் ஆஸ்திரேலியாவும் இவ்வழியைப் பின்பற்றியது.

கவனிக்க வேண்டியது வேறொன்று. ஒப்பந்தக் கூலிகளுக்கு இச்சட்டம் தடையாக இல்லை. கையெழுத்திடத் தெரியாமல் ரேகை வைத்து வந்தவருக்கு வாயில் திறந்திருந்தது; தன் செலவில், தன் விருப்பத்தில், தமிழோ குஜராத்தியோ நன்கு கற்று வந்தவருக்கு மூடியிருந்தது. துறைமுகத்துக்கு வேண்டியிருந்தது உழைப்பு. உழைப்பவர் தனக்கென ஒரு வாழ்வு கோரும்போதுதான் அவர் அந்நியரானார்.

எஸ்கோம்ப் 1899 இல் இறந்தார். தடுப்புச்சுவர்களும் தூர்வாரும் கப்பல்களும் மெல்ல மெல்ல மணலை வென்றன. 1904 இல் ஆர்மடேல் காசில் என்ற பெரிய அஞ்சல் கப்பல் முதன்முறையாகத் துறைமுகத்தினுள் நுழைந்தது. துறைமுக வரலாறுகள் இதைப் பொறியியலின் வெற்றியாகப் பதிவு செய்கின்றன, அது உண்மையும்கூட. ஆயினும் அந்த வாயிலின் ஆழத்தை அடிக்கணக்கில் மட்டும் அளந்தால், அதில் யார் நுழைய முடிந்தது என்ற கணக்கு விடுபட்டுப்போகும்.