மணப்பாட்டுக் குன்றும் இருபது தோணிகளும்



நமது பங்கின் வெள்ளிவிழா ஆண்டை ஒரு திருயாத்திரையோடு தொடங்க வேண்டும் என்று விழாக் குழுவினர் விரும்பியபடி, இரண்டு பேருந்துகளில் நாம் மணப்பாட்டுக்குச் சென்று வந்ததை நீங்கள் அறிவீர்கள். அந்தப் பயணத்தைப் பற்றி இம்மலரில் சில பக்கங்கள் எழுதுமாறு நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். எங்கே காலை உணவு உண்டோம், எத்தனை மணிக்குத் திரும்பினோம் என்பதையெல்லாம் உடன் வந்தவர்களே நன்றாகச் சொல்வார்கள். ஆகவே, நாம் ஏறி நின்ற அந்தக் குன்றின் மீதும் அதன் கீழுள்ள கடலிலும் 1544-ஆம் ஆண்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியை எடுத்துக் கூறுவதே பயனுள்ளது எனக் கருதுகிறோம்.

குன்றின் மேல்

திருச்செந்தூரிலிருந்து தெற்கே குலசேகரன்பட்டினத்தைக் கடந்து ஏறத்தாழ 18 கிலோமீட்டர் சென்றால் மணப்பாடு. ஊரின் ஓரத்தில் கடலுக்குள் மூக்கை நீட்டியதுபோல் ஒரு குன்று நிற்கிறது. காற்று அள்ளிக் குவித்த மணலும், அந்த மணலே காலப்போக்கில் இறுகிக் கல்லானதும் சேர்ந்த குன்று அது. உச்சியில் திருச்சிலுவை ஆலயம். அதன் அருகிலேயே கப்பல்களுக்கு வழிகாட்டும் கலங்கரை விளக்கம். ஒருபுறம் ஆழ்கடல், மறுபுறம் ஆறு கடலோடு கலக்கும் கழிமுகம், அதற்கப்பால் ஊரின் வீடுகளும் கோயில் கோபுரங்களும். வயலும் வாய்க்காலுமே பழகிய நம் பிள்ளைகள் பலர் அன்றுதான் முதன்முதலாகக் கடலைக் கண்டார்கள். காற்றில் முக்காடு நில்லாமல் தாய்மார் தவித்ததும் நினைவிருக்கும்.

திருச்சிலுவை இங்கு வந்த வரலாற்றை அவ்வூர் மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். புயலில் சிக்கிய போர்ச்சுகீசியக் கப்பல் ஒன்றின் தலைவர், கரை சேர்ந்தால் முறிந்த பாய்மரத்தில் சிலுவை செய்து நாட்டுவதாக நேர்ந்துகொண்டாராம்; அதன்படி 1540-ஆம் ஆண்டு அக்குன்றின் மேல் சிலுவை நாட்டப்பட்டதாம். பின்னர் 1581-இல் அங்கே ஆலயம் எழும்பியது. ஆண்டவர் அறையுண்ட சிலுவையின் சிறு பகுதி என்று வணங்கப்படும் திருப்பண்டமும் அங்கே உண்டு. ஆண்டுதோறும் செப்டம்பர் 14-ஆம் நாள் நடைபெறும் திருச்சிலுவைத் திருவிழாவுக்குப் பல மாவட்டங்களிலிருந்தும் மக்கள் திரளுகிறார்கள்.

ஆலயத்தில் செபித்தபின் கடற்பக்கமாகக் கீழே இறங்கி, புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கிச் செபித்த குகைக்குச் சென்றோம். தலை குனிந்துதான் உள்ளே நுழைய வேண்டும். உள்ளே நின்றால் அலையோசை காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. அந்த இடத்தில் வைத்துத்தான் புனிதரின் கடிதங்களைப் பற்றி உங்களுக்குச் சிறிது சொன்னோம். காற்றின் இரைச்சலில் பலர் காதில் விழவில்லை என்று பிறகு அறிந்தோம். அதை இங்கே நிறைவாகச் சொல்லுகிறோம்.

"எனக்கு வேணும்"

1506-ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டு நவார்ரா பகுதியிலுள்ள சேவியர் கோட்டையில் பிறந்தவர் நம் புனிதர். 1542 மே மாதத்தில் கோவாவை அடைந்தார். அதே ஆண்டின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். இங்குள்ள பரதவர் பெருமக்கள் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே பெருந்தொகையாகத் திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள். ஆனால் அவர்களுடைய மொழியில் மறை கற்பிக்க ஆள் இல்லை. சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. மக்களுக்கு அவர் மொழி தெரியாது. என் செய்தார்? இரு மொழியும் ஓரளவு அறிந்தவர்களைக் கூட்டி, பல நாள் அவர்களோடு அமர்ந்து பெரும் சிரமப்பட்டு செபங்களைத் தமிழாக்கினார். அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று, சிறுவரையும் பெரியோரையும் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோவதாகவும், செபங்களைச் சொல்லிச் சொல்லிக் குரல் அடைத்துப்போவதாகவும் 1544 சனவரியில் உரோமைக்கு எழுதினார்.

அந்த மொழிபெயர்ப்பில் ஒரு பிழை நேர்ந்தது. விசுவாசப் பிரமாணத்தில் "விசுவாசிக்கிறேன்" என்று வர வேண்டிய இடத்தில் "எனக்கு வேணும்" என்ற சொற்கள் இடம்பெற்றுவிட்டன! பிழை தெரிய வந்ததும், தம்மோடு பணியாற்றிய மான்சிலாஸ் என்பவருக்கு அதைத் திருத்துமாறு எழுதினார் சவேரியார். ஆண்டவர் கட்டாயத்தின் பேரில் பாடுபட்டார் என்று பொருள்படும் சொல்லையும் மாற்றச் செய்தார். அவர் தம் சொந்த விருப்பத்தினாலன்றோ பாடுபட்டார்!

குருமடத்தில் திருச்சபை வரலாறு படித்த நாளில் இந்தச் செய்தியைப் படித்து நாம் சிரித்ததுண்டு. இன்று சிரிப்பு வரவில்லை. நம் செபங்களை எண்ணிப் பார்ப்போம். பிள்ளைக்கு வேலை வேண்டும், மகளுக்கு வரன் வேண்டும், வழக்கில் வெற்றி வேண்டும். கேட்பது தவறன்று, கேளுங்கள் என்று சொன்னவரே ஆண்டவர்தாம். ஆயினும் "எனக்கு வேணும்" என்பதோடு நின்றுவிட்டால் அது விசுவாசப் பிரமாணம் ஆகுமா? அதற்கு விடையை அந்த ஆண்டின் சூன் மாதத்தில் மணப்பாட்டுக் கடற்கரையே தந்தது.

இருபது தோணிகள்

1544-இல் தென்கோடிக் கடற்கரை ஊர்களின் மேல் வடக்கிருந்து வந்த குதிரைப் படையினர் பாய்ந்தார்கள். வடுகர் என்று அக்காலத்தில் வழங்கப்பட்ட அப்படையினரை முத்துக்குளித்துறை மக்களால் எதிர்க்க முடியவில்லை. வீடுவாசலை இழந்தவர்கள் உயிர் தப்பக் கடலிலே இறங்கி, கன்னியாகுமரிக்கு அருகிலுள்ள பாறைகளில் ஏறிக்கொண்டார்கள். சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு வாய்த் தண்ணீர் இல்லை. பசியாலும் தாகத்தாலும் சிலர் அங்கேயே மடிந்தார்கள்.

செய்தி மணப்பாட்டில் இருந்த சவேரியாருக்கு எட்டியது. அவர் இருபது தோணிகளில் உணவும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு கன்னியாகுமரியை நோக்கிப் புறப்பட்டார். தோணி என்ற நம் தமிழ்ச் சொல்லையே அவர் தமது கடிதத்தில் எழுதியிருக்கிறார். இங்கே நாம் சற்று நின்று எண்ண வேண்டும். அந்த இருபது தோணிகள் யாருடையவை? துடுப்புப் போட்ட கைகள் யாருடையவை? சவேரியாரிடம் செபமாலையும் மணியும் தவிர வேறென்ன இருந்தது? தோணியும் துடுப்பும் கடலின் போக்கை அறிந்த கண்ணும் இந்தக் கடற்கரை மக்களுடையவை. அவர்களுடைய பெயர்களை எந்த ஏடும் குறித்து வைக்கவில்லை.

சூன் மாதம் என்பதைக் கவனியுங்கள். அது மேற்கிலிருந்து கச்சான் காற்று சீறி வீசும் காலம். கன்னியாகுமரிக்குப் போகும் தோணிக்கு அது எதிர்க்காற்று. துடுப்பு வலித்தும் பார்த்தார்கள். கயிறு கட்டிக் கரையிலிருந்து இழுத்தும் பார்த்தார்கள். பல நாள் கடலோடு போராடியும் தோணிகள் கன்னியாகுமரி போய்ச் சேரவில்லை. சுமையோடு புறப்பட்டவர்கள் சுமையோடு திரும்பினார்கள். அந்தத் தோல்வியைச் சவேரியார் மறைக்கவில்லை. மணப்பாட்டிலிருந்து எழுதிய கடிதத்தில் உள்ளது உள்ளபடி எழுதினார்.

குகை வாயிலில் நாம் இதைச் சொல்லி முடித்தபோது நமது பங்கின் மூத்த பாட்டி ஒருவர், "சாமி, தோணி போய்ச் சேரலைன்னா பாறையில நின்னவங்க கதி என்னாச்சு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியே நம் யாத்திரையின் தலைசிறந்த பலன் என்று நாம் நினைக்கிறோம். மற்றவர்கள் புனிதரைப் பற்றிக் கேட்டார்கள். பாட்டியோ பாறையில் நின்றவர்களைப் பற்றிக் கேட்டார்.

கடல்வழி அடைபட்டதும் சவேரியார் தரைவழியே நடந்தார். மணப்பாட்டிலிருந்து கன்னியாகுமரிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். தகிக்கும் தேரி மணல் நிறைந்த வட்டாரம். வழியில், தப்பி வந்துகொண்டிருந்த மக்களை எதிர்கொண்டார். உண்ண ஒன்றுமில்லாதவர்கள், நடக்கமுடியாத முதியவர்கள், வழியிலேயே இறந்துபோனவர்கள், வழியிலேயே பிள்ளை பெற்ற தாய்மார்கள் என்று தாம் கண்டதை அவ்வாண்டு ஆகஸ்டு மாதக் கடிதத்தில் எழுதினார். அந்த ஏழைகளை மணப்பாட்டுக்கே கொண்டுவரச் செய்தார். வசதியுள்ளவர்களின் உள்ளத்தை ஆண்டவர் இரக்கத்தால் நிரப்பும்படி மன்றாடினார். ஆம், இன்று நாம் திருயாத்திரையாகச் செல்லும் மணப்பாடு அன்று அகதிகளுக்குத் தங்குமிடமாக இருந்தது. குன்றின் மேல் ஆலயம் எழும்புவதற்கு 37 ஆண்டுகள் முன்பே அதன் அடிவாரத்தில் திருச்சபை எழும்பிவிட்டது என்றால் மிகையாகாது.

சென்றவரும் நின்றவரும்

சவேரியார் இக்கடற்கரையில் இருந்த காலம் மூன்று ஆண்டுகள்கூட நிறையாது. 1545-இல் மயிலாப்பூர் சென்று, அங்கிருந்து மலாக்காவுக்குக் கப்பலேறினார். பிறகு சப்பான் வரை சென்று, 1552 டிசம்பர் 3-ஆம் நாள் சீனக் கரைக்கு அருகிலுள்ள சான்சியன் தீவில் உயிர் நீத்தார். அவர் போனபின் இம்மக்களின் விசுவாசம் அணைந்துவிடவில்லை. காரணம், ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளைகளை நியமித்து, செபம் சொல்லிக்கொடுக்கவும் கோயிலைப் பேணவும் அவர்களைப் பழக்கியிருந்தார். அவர்களுக்கு ஊதியம் கொடுக்க, போர்ச்சுகல் அரசியாரின் காலணிச் செலவுக்கென்று இக்கடற்கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த வரிப்பணத்தைக் கேட்டு வாங்கினார் என்று பழைய வரலாற்று ஆசிரியர்கள் எழுதியுள்ளார்கள்.

அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் இம்மக்களோடு நெடுங்காலம் வாழ்ந்து, தமிழை முறையாகக் கற்று, 1578-இல் கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" என்னும் நூலை அச்சிட்டார். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் அதுவே. "எனக்கு வேணும்" என்று தடுமாறித் தொடங்கிய மறைக்கல்வி முப்பத்தைந்து ஆண்டுகளில் அச்சேறியது. குருக்கள் வருவார்கள், போவார்கள். நம் பங்கிலும் இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் எத்தனை பங்குத் தந்தையர் வந்து சென்றார்கள்! நாமும் ஒருநாள் மாற்றலாகிச் செல்வோம். நிற்பவர்கள் நீங்கள்.

நாம் எழுதாத பட்டியல்

முடிவாக ஒன்றைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க மனம் ஒப்பவில்லை.

யாத்திரை முடிந்து திரும்பிய மூன்றாம் நாள் நமது உபதேசியார் மூலம் ஒரு செய்தி அறிந்தோம். நம் பங்கைச் சேர்ந்த இரண்டு குடும்பங்கள் மணப்பாட்டுக்கு வர மிகவும் விரும்பியும் பேருந்துக் கட்டணம் செலுத்த இயலாமல் வீட்டிலேயே தங்கிவிட்டார்களாம். வெட்கத்தினால் எவரிடமும் சொல்லவில்லையாம். அவர்களுடைய பிள்ளைகள் பேருந்து புறப்படுவதைத் தெருமுனையில் நின்று பார்த்தார்களாம். வந்தவர்களின் பெயர்ப் பட்டியலை நாம் இரண்டு முறை சரிபார்த்தோம். வராதவர்களின் பட்டியலை ஒருமுறைகூட எழுதவில்லை. இந்தக் குறை விழாக் குழுவினருடையது அன்று; பங்குத் தந்தையாகிய நம்முடையது. இருபது தோணிகளைப் பற்றிக் குகை வாயிலில் நின்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில், நம்முடைய மக்களையே நாம் பாறையில் விட்டுவந்திருந்தோம்.

குன்றின் மேலுள்ள கலங்கரை விளக்கம் இரவெல்லாம் தன் ஒளியை நெடுந்தூரம் வீசுகிறது. அது செய்ய வேண்டிய பணி அது. ஆனால் விளக்கு, நின்ற இடத்தை விட்டு இறங்கி வராது. பாறையில் நிற்பவனுக்கு வெளிச்சம் தெரிந்தால் மட்டும் தாகம் தீராது. தண்ணீரோடு ஒரு தோணி வர வேண்டும். தோணி வர முடியாவிட்டால் ஒரு மனிதன் நடந்து வர வேண்டும். நமது கோயிலின் மணிக்கூண்டு உயரமானதுதான். வெள்ளிவிழாவுக்கு அதை இன்னும் அழகு செய்யவும் போகிறோம். அதன் அடியிலிருந்து எத்தனை தோணிகள் புறப்படுகின்றன என்பதையும் எண்ணிப் பார்ப்போம்.

வருகிற செப்டம்பர் 14-ஆம் நாள் திருச்சிலுவைத் திருவிழாவுக்கு நம் பங்கிலிருந்து மீண்டும் ஒரு பேருந்து புறப்படும். அந்த இரு குடும்பங்களும் அதில் முதல் இருக்கைகளில் அமர்வார்கள். கட்டணத்தைப் பற்றி எவரும் எவரையும் கேட்க வேண்டியதில்லை. இயன்றவர்கள் கோயில் உண்டியலில் மறைவாகப் போட்டால் போதும். இன்னும் யாரேனும் விடுபட்டிருந்தால், அவர்களை நமக்குத் தெரிவிப்பது அண்டை வீட்டாரின் கடமை என்று அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.

காற்று எதிர்த்தபோது கால்களால் நடந்த புனித சவேரியாரும், பெயர் தெரியாத அந்தத் தோணிக்காரர்களும் நமக்காக ஆண்டவரிடம் பரிந்து பேசுவார்களாக. திருச்சிலுவையின் ஆசீர் உங்கள் இல்லங்கள் ஒவ்வொன்றின் மேலும் தங்குவதாக.

கிறிஸ்துவில் அன்புள்ள,
உங்கள் பங்குத் தந்தை