கல்லின் மேல் எழுதிய பெயர்கள்

காட்டுப்பள்ளியில் மலை இல்லை. கிழக்கே வங்கக்கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், இடையே மணல் என அமைந்த நெய்தல் நிலம் அது. ஆயினும் இங்கே கல் உண்டு. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவராகவும், தெற்கே எண்ணூர் தொடங்கி இராயபுரம் வரை கடலரிப்பைத் தடுக்கும் தூண்டில் வளைவுகளாகவும் அது லாரி ஏறி வந்து சேர்ந்தது. நம்மவர் அதனைக் கருங்கல் என்ற ஒரே சொல்லால் சுட்டுவர். அச்சொல்லுள் அடங்கும் பாறைகளுள் ஒன்றின் பெயர் வரலாறு, பெயரிடுதலையே தொழிலாகக் கொண்ட கவிஞர்கள் அறியத்தக்கது.

சென்னைக்குத் தெற்கே பல்லாவரத்துக் குன்றில், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவரை ஒன்றை அமைத்தான். நாடகமும் இயற்றிய அம்மன்னன் தன் விருதுப் பெயர்களை அக்கல்லிலேயே பொறித்தான். அக்கல் பெற்ற முதற்பெயர்கள் அவையே எனலாம். அவை மன்னனின் பெயர்கள்; கல்லின் பெயர்கள் அல்ல.

கிழக்கிந்தியக் கம்பெனியின் முகவராய் இருந்து, 1690இல் கல்கத்தாவில் குடியேற்றம் நிறுவிய ஜாப் சார்னாக் 1693இல் இறந்தார். அங்குள்ள புனித யோவான் ஆலய வளாகத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. அதன் கல் சென்னைப் பகுதியைச் சேர்ந்தது. இருநூறு ஆண்டு கழித்து, 1893இல், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து அக்கல்லை ஆராய்ந்து, அவ்வகைப் பாறைக்குச் சார்னாக்கின் பெயரால் 'சார்னோக்கைட்' என்று பெயரிட்டார். 1900இல் அவர் வெளியிட்ட விரிவான ஆய்வு அப்பெயரை உலகெங்கும் நிலைநாட்டியது. பிறந்த மலையின் பெயர் மறைந்து, புதைக்கப்பட்டவரின் பெயர் நின்றது.

அதே 1893இல், ஸ்காட்லாந்து மலைநாட்டில் ஜார்ஜ் பாரோ வேறொரு பணியைச் செய்துகொண்டிருந்தார். வெப்பமும் அழுத்தமும் ஏற ஏறப் பாறையில் கனிமங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுவதை அவர் வரைபடத்தில் மண்டலங்களாகப் பிரித்தார். அந்த வரிசை பின்னர் விரிவாக்கப்பட்டு, குளோரைட், பயோடைட், கார்னெட், ஸ்டாரோலைட், கயனைட், சில்லிமனைட் என நிலைபெற்றது. பரந்த நிலப்பரப்பு முழுதும் பாறை உருமாறிய கதையைக் கனிமமே சொல்லும் என்பதே அவர் காட்டிய நெறியாகும்.

அந்நெறியைக் கொண்டு நம் கல்லை வாசிக்கலாம். சார்னோக்கைட்டின் அடையாளம் ஹைப்பர்ஸ்தீன் என்னும் நீரற்ற கனிமம். நிலத்தின் அடியில், ஏறத்தாழ 25 கிலோமீட்டர் ஆழத்தில், 700 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில், நீரைத் தன்னுள் கொண்டிருந்த பயோடைட்டும் ஹார்ன்பிளண்டும் அந்நீரை இழந்து ஹைப்பர்ஸ்தீனாகின்றன. சென்னைப் பாறைக்கு இது நேர்ந்தது சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன். ஹாலந்து இதனை எரிகுழம்பிலிருந்து பிறந்ததெனக் கருதினார். 1960இல் சி.எஸ். பிச்சமுத்து, கர்நாடகத்துக் கப்பல்துர்க்கப் பகுதியில் வெளிறிய நைஸ் பாறை திட்டுத்திட்டாகக் கறுத்துச் சார்னோக்கைட்டாகும் நிலையை எடுத்துக்காட்டினார். எரிகுழம்பில் பிறந்தவையும் உண்டு, திண்மை குலையாமலே உருமாறியவையும் உண்டு என்பதே இன்றைய தெளிவு.

1936இல் ஃபெர்மர், சார்னோக்கைட் உள்ள நிலத்தையும் இல்லாத நிலத்தையும் பிரித்து ஒரு கோடு வகுத்தார். கர்நாடகத்தின் வடபகுதியிலிருந்து தமிழகம் நோக்கி வரவர, ஒருகாலத்தில் மேன்மேலும் ஆழத்தில் கிடந்த பாறைகளையே நாம் மிதிக்கிறோம். மேலிருந்த பல கிலோமீட்டர் பாறையை மழையும் ஆறும் அரித்துக் கடலுக்கு அனுப்பின. சென்னைக் கடற்கரை மணலில் காணும் கார்னெட்டும் சில்லிமனைட்டும் உள்நாட்டு உருமாற்றப் பாறைகளின் துகள்களே. மலையற்ற கடற்கரையிலும் மலை இவ்வாறு இருக்கிறது.

மாறாமைக்கு உவமையாகக் கல்லைச் சொல்வது கவிமரபு. நிலைபேறு வேண்டியே மன்னனும் கம்பெனியும் கல்லை நாடினர். கல்லோ மாற்றத்தின் ஆவணமாகவே நிற்கிறது. தான் தாங்கிய சுமையையும் வெப்பத்தையும் தன் கனிமங்களில் எழுதி வைத்திருக்கிறது. அதன்மேல் பொறித்த பெயர்கள் அதன் தோலளவினவே. சார்னோக்கைட் என்னும் பெயரை அறிவியல் இனிக் கைவிடாது, கைவிடவும் வேண்டா. ஆனால் கருங்கல் என்ற நம் சொல்லுக்குள் இத்துணை ஆழம் உண்டென்று தமிழில் எழுதுவோர் இல்லையெனில், நம் மலை பிறர் கல்லறையாலேயே அறியப்படும். அக்குறையைத் தீர்க்கும் கடமை இவ்விலக்கிய வட்டத்தின் அடுத்த பத்தாண்டுக்கு உரியது.