நேர்மைக் கடை

விற்பவர் இல்லாமல், பொருளையும் உண்டியலையும் மட்டும் வைத்து, எடுப்பவரே விலையைப் போட்டுவிட்டுப் போகும்படி நடத்தும் கடை. மிசோரத்தில் செலிங் அருகே நெடுஞ்சாலையோர மூங்கில் குடில்களில் காய்கறி, பழம், பழச்சாறு இப்படி விற்கிறார்கள். விலை எழுதிய அட்டையும் காசு போட ஒரு டப்பாவும் இருக்கும்; விவசாயி வயலுக்குப் போய்விடுவார். ஜப்பானியக் கிராமங்களிலும் இது பழக்கம்.

காசு ஒழுங்காக வருமா? இதற்கு நீண்ட காலக் கணக்கு வைத்திருந்தவர் வாஷிங்டன் வட்டாரத்து பால் ஃபெல்ட்மன். பொருளாதாரம் படித்த இவர், 1984இல் வேலையை விட்டுவிட்டு அலுவலகங்களுக்கு பேகல் ரொட்டி போடத் தொடங்கினார். காலையில் வைத்துவிட்டுப் போவார். பிற்பாடு வந்து மிச்சத்தையும் பணத்தையும் எடுத்துக்கொள்வார். காசு போட முதலில் திறந்த கூடை வைத்தார். அதிலிருந்த காசே காணாமல் போனது. கடைசியில் துளையிட்ட மரப்பெட்டிக்கு மாறினார். ஆண்டுக்குச் சுமார் 7,000 பெட்டிகள் வைத்தும் திருட்டுப்போனது சராசரியாக ஒன்றுதான். ரொட்டியை ஓசியில் தின்பவருக்கும் பெட்டியைத் தூக்கக் கை வரவில்லை போலும்!

வசூல் பெரும்பாலும் 90 சதவீதத்தை ஒட்டியே நின்றது. சின்ன அலுவலகங்கள் பெரியவற்றைவிட நாணயமானவை. கிறிஸ்துமஸ் வாரத்தில் வசூல் சரியும். அமெரிக்கா மீதான 2001 செப்டம்பர் பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பின் சற்றே உயர்ந்தது.

இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத் தேநீர் அறையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், விலைப்பட்டியலுக்கு மேல் பூப்படம் இருந்த வாரங்களைவிடக் கண்களின் படம் இருந்த வாரங்களில் ஏறக்குறைய மூன்று மடங்கு காசு உண்டியலில் விழுந்தது. பிற்காலச் சோதனைகள் சில இதை உறுதி செய்யவில்லை.