நுகத்தைத் தூக்கிப் பார்த்த கை

சாமான் எல்லாம் ஏற்றி முடிந்த பிறகும் அப்பு உடனே மாட்டைப் பூட்டமாட்டார். வண்டிக்கு முன்னால் வந்து நின்று, நுகத்தை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்ப்பார். கையோடு தானாக எழும்பினால் பின்பாரம். கையைக் கீழே இழுத்தால் முன்பாரம். முன்பாரம் என்றால் மாட்டின் கழுத்துப் புண்ணாகிவிடும். பின்பாரம் என்றால் நுகம் மேலே கிளம்பி, கழுத்துக் கயிறு தொண்டையை நெரிக்கும். அவர் தேடிய கனம் இரண்டுக்கும் இடையில் எங்கோ இருந்தது. அது கைக்கு வரும்வரை அரிசிச் சாக்கு ஒரு சாண் பின்னுக்குப் போகும், தண்ணீர்க்குடம் முன்னுக்கு வரும், ஆச்சி இருக்கிற இடமும் மாறும். பிறகுதான் "சரி, மாட்டைக் கொண்டு வா" என்பார்.

அது 1965ஆம் ஆண்டு மடு ஆவணித் திருவிழா. எனக்கு எட்டு வயது. ஊர் அடம்பன்.

போன மாதம் எங்கள் வீட்டு முற்றத்தில் அந்தக் கை எனக்குத் திரும்ப ஞாபகம் வந்தது. பழைய ஹயஸ் வான் ஒன்று வாங்கியிருக்கிறோம். டொல்பின் என்று எல்லோரும் சொல்கிற அந்த வடிவம்தான். பின் சீற்றுகளைக் கழற்றியாயிற்று. உள்ளே தரை எட்டடி நீளம், ஐந்தடி அகலம். நானும் என் கணவரும் படுக்க, சமைக்க, திருவிழாவுக்கு ஐந்து நாள் மடுவில் இருக்க அந்தத் தரை போதும் என்று இவர் சொல்கிறார். சீமெந்து முற்றத்தில் சோக்கட்டியால் வானின் அளவுக்குப் பெட்டி கீறி, அதற்குள் கட்டில், அடுப்பு, தண்ணீர்க் கான், அரிசி வாளி எல்லாவற்றுக்கும் இடம் போட்டுக் காட்டினார். எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று கனமான எல்லாமே பின்கதவோடு இருந்தன.

"இஞ்சேருங்கோ, இது பின்பாரம்" என்றேன்.

"வானுக்கு ஏது நுகம்?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பது வருடம் உழவு இயந்திரம் ஓடியவர். பின் அச்சுக்குப் பின்னால் பாரம் கூடினால் முன்சில்லு நிலத்தைப் பிடிக்காமல் ஸ்ரியறிங் இலேசாகிப் போவதை அவருக்கு நான் சொல்லத் தேவையில்லை. காலால் சோக் கோட்டை அழித்துத் தண்ணீர்க் கான் இரண்டையும் பின் அச்சுக்கு முன்னால் கொண்டுவந்தார். இருபது லீற்றர் கான் இரண்டு, நாற்பது கிலோ. அப்பு இருந்திருந்தாலும் அங்கேதான் வைத்திருப்பார்.

வண்டிக்குள் வீடு வைப்பது எப்படி என்று மன்னாரில் யாரும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலை இது. ஆனால் அதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. மடுவைப் பற்றிய புத்தகங்களில் ஆயர்களின் பெயர் இருக்கிறது, அடிக்கல் நாட்டிய ஆண்டு இருக்கிறது. ஒரு குடும்பம் ஒரு வாரத்துக்கு வேண்டியதை ஒரு மாட்டு வண்டியில் எப்படி அடுக்கியது என்பது இல்லை.

மடுவின் கதையே ஒரு இடம்பெயர்வில் தொடங்குகிறது. 1658இல் ஒல்லாந்தர் மன்னாரைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த பிறகு கத்தோலிக்கருக்கு இருக்க இடமில்லாமல் போயிற்று. மாந்தையில் இருந்த மாதா சுரூபத்தை 1670இல் இருபது குடும்பங்கள் எடுத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்து, கடைசியில் காட்டுக்குள் மருதமடுவில் வைத்தார்கள் என்பது எங்களுக்குப் பரம்பரையாகச் சொல்லப்பட்டு வருவது. யாழ்ப்பாணத்திலிருந்து ஓடி வந்தவர்களும் பிறகு அங்கே சேர்ந்துகொண்டார்கள். அந்த இருபது குடும்பங்கள் சுரூபத்தோடு வேறு என்ன எடுத்து வந்திருக்கும்? சிறு வயதிலேயே இந்தக் கேள்வி எனக்கு உண்டு. பானை எடுத்திருப்பார்கள். விதைநெல் எடுத்திருப்பார்கள். பாய் எடுத்திருப்பார்கள்.

பிறகு காடு யாத்திரைத் தலமாயிற்று. 1872இல் பொஞ்சீன் ஆண்டகை புதிய கோவிலுக்கு அடிக்கல் நாட்டினார். 1914இல் தலைமன்னார் ரயில் பாதை வந்தபோது மடு றோட் ஸ்ரேஷனும் வந்தது. 1924 ஜூலை 2இல் மாதாவுக்கு முடிசூட்டினார்கள். சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்துச் சிங்களக் கத்தோலிக்கரும் எங்கள் ஆட்களும் ஒரே மரநிழலில் பக்கத்துப் பக்கத்து அடுப்பு மூட்டினார்கள். ரயில் வந்த பிறகும் சுற்று வட்டாரத்துக் கமக்காரர் வண்டியை விடவில்லை. காரணம் எளிது. ரயிலில் வந்தவர் மடுவில் போய்த் தங்க இடம் தேட வேண்டும். வண்டியில் வந்தவர் தங்குமிடத்தைக் கூடவே கொண்டு வந்தார்.

அந்த வண்டியின் உள்ளே கொஞ்சம் நிற்க விரும்புகிறேன்.

தட்டு ஆறடி நீளம், மூன்றரை அடி அகலம். மேலே கூடு. வளைத்த தடிகளின் மேல் கிடுகு, அதன் உட்பக்கம் பனையோலைப் பாய். வெளியே கிடுகு கொதித்தாலும் உள்ளே ஓலை அந்தச் சூட்டை இறங்க விடாது. தட்டில் முதலில் வைக்கோல், ஒரு முழ உயரத்துக்கு. அதன்மேல் சாக்கு, சாக்கின்மேல் பாய். இந்த வைக்கோலைப் பற்றி எத்தனை சொன்னாலும் எனக்குப் போதாது. போகும்போது அது மெத்தை. சில்லு கல்லில் ஏறி இறங்கும்போது பானை உடையாமல் காப்பதும் அதுதான். மடுவில் நின்ற நாட்களில் அதையே கொஞ்சம் கொஞ்சமாக உருவி மாட்டுக்குப் போடுவார்கள். திரும்பி வரும்போது எங்கள் முதுகுக்குக் கீழே வெறும் பலகை. அதற்குள் அரிசியும் தேங்காயும் முடிந்திருக்கும், வண்டி இலேசாகியிருக்கும், மாடும் வீட்டுப் பக்கம் என்று தெரிந்து வேகமாக நடக்கும். ஒரே பொருள் மூன்று வேலை செய்துவிட்டுத் தன்னைத் தானே தீர்த்துக்கொண்டது.

தட்டுக்குக் கீழே, இரண்டு சில்லுக்கும் இடையில், சாக்கால் ஒரு தொட்டில் கட்டியிருக்கும். கத்தி, கோடரி, கயிறு, விறகு, கரிபிடித்த சட்டி எல்லாம் அதில். அழுக்கானவை கீழே, சாப்பாட்டுச் சாமான் மேலே. இது ஆச்சியின் சட்டம். கூட்டின் வளைவில் கயிறு கட்டி உறி தொங்கும், அதில் கட்டிச்சம்பலும் புளியும் ஒடியல் மாவும். எறும்பும் எட்டாது, குலுக்கலும் எட்டாது. அரிக்கன் லாம்பு அச்சுக்குக் கீழே தொங்கும்.

வெயில் தாழ்ந்த பிறகுதான் புறப்படுவோம். முருங்கன் தாண்டியதும் காடு நெருங்கிவிடும். யானைக்குப் பயந்து வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும், முதல் வண்டியில் ஒருவர் செபமாலை தொடங்க, பின்வண்டிகள் பதில் சொல்லும். மடுவில் மாட்டை அவிழ்த்து, நுகத்துக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தினால் வண்டி வீடாகிவிடும். பெண்களும் பிள்ளைகளும் மேலே, ஆண்கள் தட்டுக்குக் கீழே. பக்கத்தில் ஒரு சேலையைக் கட்டினால் அது உடுப்பு மாற்றும் அறை. மூன்று கல் வைத்தால் குசினி.

மன்னாருக்குத் தற்காலிக வீடு இதனால் மட்டும் பழக்கம் என்று சொல்லவில்லை. சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரையில் முன்பு முத்துக்குளிப்புக் காலத்தில் கிடுகாலும் தடியாலும் ஒரு பட்டணமே எழும்பிச் சில வாரத்தில் இல்லாமல் போகும். 1905இல் எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். காற்று மாற இடம் மாறும் மீன்வாடிகளும் இருக்கின்றன. ஆனால் அவை போய்ச் சேர்ந்த இடத்தில் கட்டப்படுபவை. அப்புவின் வண்டி புறப்படும்போதே முடிந்த வீடு.

எழுபதுகளில் உழவு இயந்திரம் வந்தது. வண்டிக் கூட்டைக் கழற்றிக் கோழிக்கூட்டுக்கு மேலே போட்டார்கள். மசி பெர்குசன் பெட்டியில் இருபது பேர் ஒரே தடவையில் மடுவுக்குப் போனோம். வேகம் கூடியது, வசதி குறைந்தது. பெட்டிக்கு மேலே மூடல் இல்லை, அடுக்கும் முறையும் இல்லை, எல்லாவற்றையும் வாரிப் போடுவதுதான்.

அடுக்கும் முறை திரும்பி வந்தது யுத்தத்தில்.

1990 ஒக்ரோபரில் மன்னார் முஸ்லிம்களை வெளியேறச் சொன்னார்கள். எருக்கலம்பிட்டியில் என்னோடு ஒரே பாடசாலையில் படிப்பித்த ஆசிரியைக்கு வீட்டை எடுத்துச் செல்ல வண்டி கிடைக்கவில்லை, நேரமும் கிடைக்கவில்லை. கடற்கரையில் படகுக்கு நின்றவர்கள் கையில் ஒரு உடுப்புப் பை. புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் வருடக்கணக்காக இருந்தார்கள். அவர்களுக்கு அடுக்கக்கூட விடப்படவில்லை என்பதை நான் இந்தக் கதையில் சொல்லாமல் விட முடியாது.

2008இல் எங்கள் முறை. ஏப்ரலில் மாதாவின் சுரூபத்தையே மடுவிலிருந்து தேவன்பிட்டிக்குக் கொண்டு போனார்கள். 338 வருடத்துக்குப் பிறகு மாதாவும் திரும்ப அகதி. மே மாதத்துக்குள் அடம்பன் போயிற்று. நாங்கள் அதற்கு முன்னரே கிளம்பிவிட்டோம். இவர் முதலில் கூரைத் தகரத்தைக் கழற்றினார், பிறகு வளை, பிறகு முதிரையில் செய்த முன்கதவு. என் மாமனார் செய்த கதவு அது. கதவைப் பெட்டியின் அடியில் தட்டாகப் போட்டு, அதன்மேல் நெல், நெல்லின்மேல் பாய், பாயின்மேல் பிள்ளைகள். தகரம் தலைக்கு மேலே. சட்டி பானை கீழே தொங்கவிட்ட சாக்கில். இவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆச்சியின் சட்டம் எங்கள் கைகளில் இருந்திருக்கிறது.

கிளிநொச்சிப் பக்கம், தர்மபுரம், விசுவமடு. ஒவ்வொரு இடத்திலும் இறக்கி, ஒவ்வொரு இடத்திலும் ஏற்றினோம். ஒவ்வொரு முறையும் ஒன்று குறைந்தது. விசுவமடுவில் கதவை விட்டோம். அதற்கு அப்பால் பெட்டியையும் விட்டோம். 2009இல் செட்டிகுளம் முகாமுக்கு நாங்கள் கொண்டு போனது பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், ஒரு அலுமினியக் கேத்தல், இரண்டு போர்வை. சுரூபம் முந்திய ஆண்டு ஆகஸ்டிலேயே மடுவுக்குத் திரும்பிவிட்டது.

அதனால்தான் இந்த வானை நான் விளையாட்டுச் சாமானாகப் பார்க்கவில்லை. வெளிநாட்டில் இருக்கும் மகள் படங்கள் அனுப்பினாள், உள்ளே மரப்பலகை அடித்து, விளக்குப் போட்டு, சின்ன ஹோட்டல் அறை மாதிரி. அழகுதான். ஆனால் மடுவில் ஆகஸ்ட் மாத வெயிலில் கதவைப் பூட்டிக்கொண்டு அதற்குள் யாரும் இருக்கமாட்டார்கள். எங்களுக்கு வேண்டியது காற்றும் நிழலும் தண்ணீரும்.

கட்டில் ஆறேகால் அடி நீளம், நாலடி அகலம், தரையிலிருந்து பதினாலு அங்குலம். அதற்கு மேல் உயர்ந்தால் இருக்கும்போது தலை கூரையில் இடிக்கும். கீழே மூன்று லாச்சி: ஒன்று உடுப்பு, ஒன்று சாப்பாட்டுச் சாமான், பின்கதவுப் பக்கம் திறப்பது அழுக்குச் சட்டிக்கும் கருவிகளுக்கும். முதிரைப் பலகை கேட்டேன், இவர் மறுத்துவிட்டார். கனம். பன்னிரண்டு மில்லிமீற்றர் பிளைவூட்டுக்கு ஒத்துக்கொண்டேன். ஆணி ஒன்றும் இல்லை, எல்லாம் திருகாணியும் போல்ட்டும். கிறவல் றோட்டில் ஆணி தானாகக் கழன்று வரும் என்பதை 2008 எங்களுக்குக் காட்டியது. காஸ் சிலிண்டர் பின்கதவோரம், அதன் பெட்டியின் அடியில் துளை. காஸ் காற்றைவிடக் கனம், ஒழுகினால் தரையில்தான் தேங்கும், துளை வழியே வெளியே போகட்டும். சமையல் வெளியில், பின்கதவைத் தூக்கிவிட்டால் அதுவே கூரை.

வானின் கூரைத் தகரத்துக்கு உட்பக்கம் பனையோலைப் பாய் அடித்திருக்கிறோம். பேசாலையில் ஒரு அம்மா இழைத்துத் தந்தார். மத்தியான வெயிலில் கையை வைத்துப் பார்த்தேன். தகரம் சுட்டது, பாய் சுடவில்லை. கூரை வளைவில் இரண்டு கொக்கி, உறிக்கு.

கடைசியாக எல்லாம் ஏற்றிய பிறகு இவர் வானுக்கு முன்னால் போய் நின்று, பம்பரைக் கையால் அமுக்கிப் பார்த்தார். நான் எதுவும் சொல்லவில்லை.

ஒரு வேண்டுகோள். முருங்கன், நானாட்டான், அடம்பன், விடத்தல்தீவு, எங்கேயாவது ஒரு வீட்டுக் கொட்டிலில் பழைய வண்டிக் கூடோ, ஒரு சில்லோ, ஒரு நுகமோ கிடந்தால் அடுப்புக்குக் கொடுக்க வேண்டாம். ஒரு அளவுநாடாவை எடுத்து அளந்து பாருங்கள். வீட்டில் வயதானவர் இருந்தால், மடுவுக்குப் போன வண்டியில் எது எங்கே இருந்தது என்று கேட்டு, பிள்ளையின் கொப்பியிலாவது எழுதி வையுங்கள். நான் அப்புவிடம் கேட்காமல் விட்டது நிறைய.