நகலுக்கு ஒரு நகல்: எமுலேட்டர் பிறந்த கதை

வத்திராயிருப்புப் பக்கத்து வ. புதுப்பட்டி போன்ற ஊர்களுக்கு மாரியோ என்ற வீடியோ கேம் வந்து சேர்ந்ததில் தமிழக அரசுக்கும் ஒரு பங்கு உண்டு. 2006 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம், மலையடிவாரத்து வீடுகளுக்கும் 14 அங்குல டிவியைக் கொண்டுவந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, அதே செப்டம்பர் 15-இல், மாணவர்களுக்கான இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. டிவி இருந்தால் கேசட் செருகி ஆடும் வீடியோ கேம் பெட்டியை மாட்டலாம். மடிக்கணினிக்கு அந்தப் பெட்டியே தேவையில்லை. பென் டிரைவில் ஒரு சின்ன மென்பொருளும் சில கோப்புகளும் இருந்தால் போதும். அந்த மென்பொருள்தான் எமுலேட்டர்.

பெட்டியில் ஆடுவதே அசல், கணினியில் ஆடுவது நகல் என்றுதான் யாருக்கும் தோன்றும். நம் ஊர்க் கதையில் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

அசல் பிறந்தது ஜப்பானில். கியோட்டோவின் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று ‘ஃபேமிலி கம்ப்யூட்டர்’ என்ற பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வடிவமைத்தவர் மசாயுக்கி உயெமுரா. ரிக்கோ நிறுவனம் செய்துகொடுத்த அதன் மூளைச் சில்லு நொடிக்கு ஏறத்தாழ 17 லட்சத்து 90 ஆயிரம் துடிப்புகளில் ஓடியது. வேலை செய்ய அதற்கு இருந்த நினைவகம் 2 கிலோபைட். இன்றைக்குக் கைப்பேசியில் வரும் ஒரு சிறிய படம்கூட அதில் அடங்காது. அதை வைத்துக்கொண்டு ஆட்டங்களை ஓடவும் தாவவும் பாடவும் வைத்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது.

அந்தச் சில்லுகளைத் தைவானின் யூ.எம்.சி. நிறுவனம் நகலெடுத்துத் தயாரித்தது. அவற்றை வைத்து ஆசியா முழுக்க மலிவுப் பெட்டிகள் முளைத்தன. இந்தியாவில் ‘மீடியா’ என்ற பெயரிலும், பெயரே இல்லாமலும் விற்றவை இந்த வம்சம்தான். கேசட் ஓடவில்லை என்றால் எடுத்து ஊதி, திரும்பச் செருகுவோமே, அந்தப் பெட்டி. அப்படியானால் நாம் அசல் என்று நம்பியதே ஒரு நகல்.

எமுலேட்டர் வேறு வழியில் வந்தது. நின்டெண்டோ பெட்டிக்கான மிகப் பழைய எமுலேட்டர்களில் ஒன்று ‘பாசோஃபாமி’. 1990-களின் தொடக்கத்தில், ஃபுஜிட்சுவின் எஃப்.எம். டவுன்ஸ் கணினிக்காக ஜப்பானில் எழுதப்பட்டது. 1996-இல் மராத் ஃபைசுல்லின் ‘ஐநெஸ்’ஸைக் கொண்டுவந்தார். கேசட்டில் இருப்பதைக் கோப்பாக்கும்போது அதன் தலையில் 16 பைட் குறிப்பு வைக்கும் முறை அவருடையது. இன்றும் பழக்கத்தில் இருப்பது அதுதான். 1997 ஏப்ரலில் ‘சார்டு’ என்ற புனைபெயர்க்காரர் எழுதிய ‘நெஸ்டிகிள்’ இலவசமாக வெளியானது. அன்றைய சாதாரணக் கணினியிலும் அது விரைந்து ஓடியதால் உலகம் முழுக்கப் பரவியது.

உள்ளே நடப்பது இதுதான். பழைய சில்லு படிக்கும் ஒவ்வொரு கட்டளையையும் புதிய கணினி படித்து, அந்தச் சில்லு என்ன செய்திருக்குமோ அதையே கணக்காகச் செய்து காட்டுகிறது. படம் வரையும் சில்லுக்கும் அப்படியே: ஒரு படத்துக்கு 262 வரி, வரிக்கு 341 புள்ளிக் காலம். நெஸ்டிகிள் காலத்தில் இதையெல்லாம் தோராயமாகச் செய்தார்கள். ஆட்டம் ஓடினால் சரி. பின்னால் வந்த நெஸ்டோப்பியா, மெசென் போன்றவை ஒவ்வொரு துடிப்பையும் சரிபார்த்து எழுதப்பட்டவை. இத்தனை சின்னப் பெட்டியைப் பின்பற்ற அதைவிடப் பல நூறு மடங்கு வேகமான கணினி வேண்டியிருப்பது இந்தத் துல்லியத்துக்காகத்தான்.

சட்டச் சண்டையும் வந்தது. பிளேஸ்டேஷன் எமுலேட்டர் செய்த கனெக்டிக்ஸ் மீது சோனி வழக்குத் தொடுத்தது. 2000 பிப்ரவரியில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம் நின்றது. ஆட்டங்களின் பதிப்புரிமை வேறு விஷயம். அது இன்றும் உரியவர்களிடமே இருக்கிறது.

இனி நம் ஊர் விஷயம். பெட்டியில் ஆடிப் பழகிய கைக்கு, எமுலேட்டரில் மாரியோ வேகமாக ஓடுவதுபோல் இருக்கும். அது பிரமை அல்ல. ஜப்பான் டிவி நொடிக்கு 60 படம் காட்டும். இந்திய டிவி முறை 50. ஆட்டம் படங்களை எண்ணித்தான் நேரம் கணக்கிடுகிறது. அதனால் 60-க்கு எழுதிய கேசட்டை 50-இல் ஓட்டினால் எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவாகிவிடும். ஒரு நிமிடப் பாட்டு 72 நொடி இழுக்கும். நாம் மனப்பாடம் செய்த தாவலும் தாளமும் கியோட்டோவில் எழுதப்பட்ட வேகத்தில் இல்லை. அந்த வேகத்தை நம் வீட்டுக்கு முதலில் கொண்டுவந்தது எமுலேட்டர்தான்.

பழைய நடை வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு. எஃப்.சி.இ.யூ.எக்ஸ்., மெசென் இரண்டிலும் ‘டென்டி’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது. டென்டி என்பது 1992 கடைசியில் ரஷ்யாவில் விற்பனைக்கு வந்த நகல் பெட்டி; அதுவும் 50 பட முறைதான். ரஷ்யர்கள் தங்கள் நகலை அசலுக்குச் சமமாக மதித்து அளந்து வைத்ததால் அந்தப் பெயர் அங்கே நிலைத்தது. இந்த அக்கறை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நம் பெட்டியும் அந்த அளவுக்கு மதிக்கத்தக்கதே.

ஆனால் துப்பாக்கியால் சுடும் ஆட்டத்தை எமுலேட்டரால் மீட்க முடியவில்லை. ‘டக் ஹன்ட்’ என்ற வாத்து வேட்டை ஆட்டத்தில் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுக்கும், வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். துப்பாக்கி முனையிலுள்ள ஒளி உணரி அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் வாத்து விழும். பழைய குழாய் டிவி படத்தை வந்த கணமே வரி வரியாக வரைந்ததால்தான் இது நடந்தது. தட்டைத் திரை படத்தைச் சற்றே தாமதித்துக் காட்டும். அதற்குள் உணரியின் கணம் கடந்துவிடுகிறது. எமுலேட்டரில் மவுஸால் வாத்தைச் சுடலாம். நீட்டிய கையும் குறியும் அதில் இல்லை. இந்த ஆட்டத்துக்கு 14 அங்குல அரசு டிவியே அசலான கருவி. அந்த டிவிகள் பழைய இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

கேசட்டுகளையும் சொல்ல வேண்டும். ‘9999 இன் 1’ என்று அட்டையில் போட்டிருக்கும். உள்ளே இருப்பதோ சில ஆட்டங்கள், பெயரும் தொடங்கும் கட்டமும் மாற்றி மாற்றி. அவற்றின் சுற்றுப் பலகை ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஒவ்வொரு வகைக்கும் எமுலேட்டரில் தனியாக நிரல் எழுத வேண்டும். பலகை வகைகளுக்கு எண் கொடுத்து ஃபைசுல்லின் வகுத்த வரிசையில் பல எண்கள் இப்படிப்பட்ட திருட்டுக் கேசட்டுகளுக்காகவே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. எங்கோ ஒருவர் கேசட்டைப் பிரித்து, கம்பித் தடத்தைப் பின்தொடர்ந்து எழுதி வைத்ததால் வந்தவை அவை. வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்து வீடுகளில் பரணில் கேசட் கிடந்தால் எடைக்குப் போட வேண்டாம். அதைப் பிரித்து, பலகையின் இரண்டு பக்கத்தையும் தெளிவாகப் படம் எடுத்துவைத்தாலே, இந்த வேலையில் இருப்பவர்களுக்கு அது போதிய தொடக்கம்.